அவன்கிட்ட என்ன பயம்

பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர யாரை அனுப்புவது என்ற பேச்சு எங்கள் மாணவர் மன்றத்தில் வந்தபோது, எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கெட்டிக்காரன் என்று பார்த்தார்கள் என்றா நினைக்கிறீர்கள்? அந்தக் கொடுப்பினை எனக்கு ஏது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிற காலம் அது. மலாக்காவில் எந்தக் காப்பிக்கடையில் உட்கார்ந்தாலும் அதே பேச்சு. குடியுரிமை எடுக்க வேண்டும், ஓட்டுப் போட வேண்டும், இனிமேல் நம்மையும் மனிதனாக மதிப்பார்கள். எங்கள் காஜா பேராங்கில் வீட்டுக்கு வீடு பெண்கள் கைநாட்டுதான். சீனியர் கேம்பிரிட்ஜ் எழுதிவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு மன்றம் வைத்திருந்தோம். பெண்களுக்கு மாலையில் இலவச வகுப்பு நடத்துவோம், பெண்ணுக்கும் ஆணுக்கும் பேதம் இல்லை என்று ஊருக்கு எடுத்துச் சொல்வோம் என்று தீர்மானம் போட்டோம். நல்ல தீர்மானம்தான். ஆனால் எங்கள் மன்றத்தில் மருந்துக்குக்கூட ஒரு பெண் கிடையாது. வயசுக்கு வந்த பெண்ணைக் கூட்டத்துக்கு அனுப்ப எந்த வீட்டிலும் துணியவில்லை, எங்கள் வீட்டுப் பெண்களையும் சேர்த்துத்தான். ஊருக்குத்தானே உபதேசம்.

ஆக, ஆண் பிள்ளை ஒருவன்தான் போய்ப் பாடம் நடத்த வேண்டும். வாலிபப் பையன் முன்னால் பெண்டாட்டியை உட்கார வைக்க எந்தப் புருஷன் சம்மதிப்பான்? அங்கேதான் சிக்கியது. எங்கள் தலைவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர், தோளில் துண்டு விழுந்தால் நிறுத்தாமல் பேசக்கூடியவர். அவர் என் தோளில் கையைப் போட்டார்.

"இவன அனுப்புவோம். அவன்கிட்ட என்ன பயம்?"

மன்றமே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த வயதில் எனக்கு நன்றாகத் தெரிந்த வித்தை அது, அடுத்தவன் சிரிப்பதற்குள் நான் சிரித்துவிடுவது.

என் நடை அப்படி. கை அப்படி. குரல் உடையாமலே நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பட்டப்பெயர்களை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் என் பேனாவே கூசும். ஆனால் நாடகம் என்று வந்துவிட்டால் நான்தான் ராணி. எங்கள் ஊர் மேடையில் பெண் ஏறக்கூடாது, பெண் வேஷத்தைப் பையன்தான் கட்ட வேண்டும். தமயந்தியும் நான், கொடுமைக்கார மாமியாரும் நான். மேடையில் புடவை கட்டி நின்றால் கைதட்டல். இறங்கி வேட்டியோடு நடந்தால் விசில். இரண்டுக்கும் நடுவில் இருந்தது நாலு மரப்படி.

அப்பா பண்டார் ஹிலிர் பக்கம் ஒரு ரப்பர் கடையில் கணக்கு எழுதுகிற கிராணி. அதிகம் பேசாத மனிதர். என்னிடம் அவர் வாய்விட்டுச் சொன்னதெல்லாம் "நேரா நட" என்பதுதான். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்க மாட்டார், ரோட்டைப் பார்ப்பார். நானும் நேராகத்தான் நடந்து பார்த்தேன். நேராக நடக்க முயன்றால் என் நடை இன்னும் கேவலமாக இருந்தது.

கேலி செய்துதான் அனுப்புகிறார்கள் என்று தெரிந்தும் அந்த வேலைக்கு ஒத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டால், ஆசை. பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து பேசுகிற இடத்தில் ஓரமாக இருந்தால்தான் எனக்கு மூச்சு சீராக வரும். அந்த ஆசையையும் வெட்கமாகவே வைத்திருந்தேன்.

வகுப்புக்கு இடம் கொடுத்தது ஒரு செட்டி வீட்டு அம்மாள். காஜா பேராங்கில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற மலாக்கா செட்டிகள் அவர்கள். சாமி நம் சாமி, பேச்சு மலாய், உடுத்துவது மலாய்க்காரர் மாதிரி கெபாயா. வீட்டு முன்கூடத்தில் பாய் விரித்துக் கொடுத்துவிட்டு, வெற்றிலை போட்டபடி மூலையில் உட்கார்ந்திருப்பார். தமிழில் ஒரு வரி புரியாது, ஆனாலும் எழுந்து போக மாட்டார். முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "லெம்புத்" என்றார். மலாயில் லெம்புத் என்றால் மென்மை. குழைந்த சோற்றுக்கும் அதைத்தான் சொல்வார்கள். அதில் கேலி இருக்கிறதா என்று அவர் முகத்தைத் தேடினேன், இல்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறும்போது எனக்குக் கால் கூசவில்லை.

முதலில் நாலு பெண்கள் வந்தார்கள், பிறகு எட்டு. அவர்களில் லோரி ஓட்டுகிறவர் ஒருவருடைய மனைவிதான் முதலில் எழுதப் பழகியது. புக்கிட் ரம்பாய் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், கல்யாணமாகி டவுனுக்கு வந்தவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். தன் பேரை முழுசாக எழுதிய அன்று சிலேட்டை அழிக்க மனம் வராமல் அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். மறுநாள் திருப்பிக் கொண்டுவந்து, "அவரு பாத்தாரு, ஒண்ணும் சொல்லல" என்றார். அவர் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு எனக்கும் பெருமையாக இருந்தது. நான் ஒரு வேலைக்கு உதவுகிறேன் என்று தோன்றியது அந்த நாட்களில்தான்.

மன்றத்துக்கு ஆண்டு விழா வந்தது. கோயில் பக்கத்தில் பந்தல், பலகை மேடை. பெண் விடுதலை பற்றி நாடகம், அதற்குப் பிறகு தலைவரின் உரை. நாடகத்தில் விடுதலை அடைகிற பெண் யார்? வேறு யார், நான்தான். லோரிக்கார அக்கா தன் கல்யாணப் புடவையைக் கொடுத்திருந்தார், அரக்கு நிறம். நாடகம் முடிந்ததும் வேஷத்தைக் கலைக்க விடவில்லை, உரை நடக்கும்போது நான் அப்படியே பக்கத்தில் நிற்க வேண்டும், பார்க்க அழகாக இருக்கும் என்றார் தலைவர். நின்றேன். ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். இரண்டாவது வரிசையில் கடை ஆட்களோடு அப்பா.

தலைவர் அன்றைக்கு வெளுத்து வாங்கினார். ஆணும் பெண்ணும் வண்டியின் இரண்டு சக்கரம் என்றார். இன்னும் நிறையப் பெண்களை வகுப்புக்கு அனுப்புங்கள் என்றார். கைதட்டல் அடங்குவதற்குள் அக்காவின் புருஷன், லோரிக்காரர், எழுந்துவிட்டார். குடித்திருக்கவில்லை. அதுதான் கஷ்டம், குடித்திருந்தால் உட்கார வைத்திருப்பார்கள். நிதானமாகத்தான் பேசினார். படிப்பெல்லாம் நல்லதுதான், ஆனால் வயசுப் பையனை வைத்துப் பொம்பளைகளுக்குப் பாடம் நடத்துகிறீர்கள், லோரி ஸ்டாண்டில் என்னை நாலு பேர் நாலு விதமாகக் கேட்கிறார்கள், நாளையிலிருந்து என் வீட்டிலிருந்து ஆள் வராது என்றார். ஆண்கள் பக்கம் தலைகள் ஆடின. ஒரு வீடு நின்றால் எட்டு வீடும் நின்றுவிடும். இடப்பக்கம் பெண்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மட்டும் குனியவில்லை, மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. மேடையில் அப்படி மாட்டிக்கொண்டால் மனிதன் எதையாவது பிடிப்பான், அவர் என்னைப் பிடித்தார். "அண்ணே, நல்லா பாருங்க. அவன்கிட்ட என்ன பயம்?"

பந்தலே சிரித்தது. லோரிக்காரர் சிரிக்கவில்லை.

"நீங்க சொல்லாதீங்க. அவன் வாயால சொல்லட்டும்." என் பக்கம் திரும்பினார். "டேய் தம்பி, நீ ஆம்பளையா, இல்லையா?"

நான் புடவையில் நிற்கிறேன், முகத்தில் பவுடர், நெற்றியில் பொட்டு. ஆம்பளை என்று சொன்னால் மானம் மிஞ்சும், வகுப்பு போய்விடும். சிலேட்டில் பேர் எழுதியவர்கள் மறுபடியும் கட்டைவிரலை நீட்ட வேண்டியதுதான். இதெல்லாம் அந்தக் கணத்தில் என் மனதில் ஓடியது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஓடவில்லை. அந்தக் கேள்வியை அதுவரை எல்லாரும் என்னைப் பார்த்துக் கேலியாக வீசியிருக்கிறார்களே தவிர, பதில் வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. இந்த மனிதர் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறந்தேன், உண்மை வந்துவிட்டது.

"இல்லண்ணே."

அப்புறம் கேட்பானேன். விசில், கைதட்டல், பெஞ்சைத் தட்டுகிற சத்தம். என் நாடகங்கள் எதற்கும் அவ்வளவு கைதட்டல் வந்ததில்லை. லோரிக்காரரும் சிரித்துவிட்டார். "அப்ப சரி, பாடம் நடக்கட்டும்" என்று உட்கார்ந்தார். தலைவர் என் முதுகில் தட்டி, சமாளித்துவிட்டாயடா என்று காதில் சொன்னார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மடியில் இருந்த துண்டை எடுத்து உதறி, மடித்து, தோளில் போட்டுக்கொண்டு, வரிசையில் இருந்தவர்களின் முழங்காலைத் தாண்டித் தாண்டி வெளியே போனார். என் மானம் போவதுகூட எனக்குப் பழக்கம். அவர் அத்தனை பேரிடமும் "கொஞ்சம் வழி விடுங்க" என்று கேட்டுக்கொண்டு போனதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

வீட்டில் அன்றிலிருந்து அப்பா எனக்கு முன்னாலேயே சாப்பிட்டு எழுந்துவிடுவார். நான் கூடத்துக்கு வந்தால் அவர் வாசலுக்குப் போவார். அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சோறு போட்டார். நேரா நட என்றுகூட அப்பா சொல்லவில்லை. அதைச் சொல்ல மாட்டாரா என்று ஏங்குகிற நிலைக்கு நான் வந்துவிட்டேன், பாருங்கள்.

வகுப்புக்கு மட்டும் கூட்டம் அதிகமானது. புதுசாக வந்தவர்களை அவரவர் புருஷன்மாரே வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள், என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டுப் போனார்கள். நான் சிலேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் பாடம் நடத்தினேன்.

ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் லோரிக்கார அக்கா மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டு நின்றார். மூலையில் செட்டி வீட்டு அம்மாள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் புரியாது என்பதால்தான் அக்கா அங்கேயே பேசினார் என்று நினைக்கிறேன்.

"தம்பி, அன்னிக்கு மேடையில சொன்னீங்களே. அது எங்களுக்காகச் சொன்னதா, நெசமாவா?"

நான் சிலேட்டுகளை அடுக்கினேன். அவர் அவசரப்படவில்லை. தோட்டத்தில் தனக்கு ஓர் அண்ணன் இருந்தார் என்றார். உங்கள மாதிரிதான் இருப்பார், கோலம் போடுவார், எனக்குத் தலை பின்னிவிடுவார் என்றார்.

"எல்லாரும் அவர ஏசினாங்க. நாங்க வீட்டுல ஏசல. ஆனா யாரும் அவர உக்கார வச்சுக் கேக்கவும் இல்ல. கேட்டிருந்தா உசுரோட இருந்திருப்பாரோ என்னமோ. அதான் உங்கள கேக்கறேன். நெசமா இருந்தாலும் நான் வருவேன், தம்பி."

இதைவிட ஒரு மனுஷி என்ன சொல்ல முடியும்? நூறு பேர் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன வாய்தானே இது. இந்த ஒருத்தி, சிரிக்காமல், கையில் பாயோடு, எவ்வளவு நேரமானாலும் நிற்பேன் என்று நிற்கிறாள். இவளிடம் சொல்ல எனக்கு ஒரு சொல் போதும். ஆனால் என் கண்ணுக்கு முன்னால் அப்பா துண்டை உதறி மடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்காகத்தான் சொன்னேன், அக்கா" என்றேன். "வகுப்பு நின்னுடுமேன்னு."

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நம்பினார். அல்லது, நான் நம்பச் சொல்கிறேன் என்று புரிந்துகொண்டார், இன்றுவரை எனக்குத் தெரியாது. கண் கலங்கிவிட்டது அவருக்கு. எங்களுக்காக இவ்வளவு அசிங்கப்பட்டீங்களா என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். செட்டி வீட்டு அம்மாள் எங்களைப் பார்த்துத் தலையாட்டி, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

அக்கா அதைப் புருஷனிடம் சொன்னார். லோரிக்காரருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது, நல்ல மனிதர். காப்பிக்கடையில் அப்பாவைப் பார்த்து, நாலு பேர் காதில் விழும்படி, உங்கள் பையன் மாதிரி ஆம்பளையைப் பார்த்ததில்லை, நாலு பொம்பளைகள் படிக்க வேண்டும் என்று தன் மானத்தையே கொடுத்தான், நான்தான் தெரியாமல் கேட்டுவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டிருக்கிறார். நான் அன்று வீட்டுக்கு வந்தபோது அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே இன்னொரு தட்டு இருந்தது.

"வா, சாப்புடு" என்றார். அந்தக் காலத்தில் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

உட்கார்ந்தேன். அம்மா மீன் குழம்பும் சம்பலும் வைத்திருந்தார். எனக்கு நல்ல பசி. இரண்டாவது தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.