பல் டாக்டரின் கடல் தொட்டியும் என் பெயர்த் தகடும்

1. ஏழு தொட்டி செய்தவன்

நான் அஞ்சாங் கிளாஸ் தாண்டாதவன். ஆனால் எழுபதுகளில் தாம்பரத்தில் கண்ணாடியை ஒரே இழுப்பில் வெட்டுகிறவன் யார் என்று கேட்டால் என் பெயரைத்தான் சொல்வார்கள். வேறு பெயர் சொல்கிறவன் அப்போது தாம்பரத்தில் இருந்திருக்க மாட்டான்.

படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் ஆரம்பித்து, தங்க மீன் தொட்டிக்கு வந்து சேர்ந்தேன். இரும்பு ஆங்கிள் சட்டம், நாலு பக்கமும் கண்ணாடி, இடுக்கை அடைக்கப் பட்டி. ஒரு சொட்டு ஒழுகாது. இப்படி நான் தலை நிமிர்ந்து திரிந்துகொண்டிருந்த நாளில், கிழக்கு தாம்பரம் பல் டாக்டர் ஞானதுரை கூப்பிட்டு அனுப்பினார்.

“முனுசாமி, கடல் மீன் தொட்டி பண்ணத் தெரியுமா? பசங்க என் நாற்காலியைப் பார்த்தாலே அழறாங்க. வெயிட்டிங் ரூம்ல கலர் கலரா ஏதாவது நீந்தணும்.”

“ஏழு செஞ்சிருக்கேன் சார்.”

“எங்கெல்லாம்?”

“எல்லாம் அந்தப் பக்கம் சார்” என்று பரங்கிமலைப் பக்கம் கையைக் காட்டினேன்.

ஒன்றுகூடச் செய்ததில்லை. ஆனால் உப்புக்கு இரும்பு ஆகாது என்கிற அறிவு எனக்கு இருந்தது. தேக்குச் சட்டம் போட்டு, நாலடி நீளத்துக்கு ஒரு தொட்டி செய்தேன். ஏர் பம்ப், பவளக் கல், ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன். பார்த்தவர்களுக்குப் பல் வலி மறந்தது. டாக்டரிடம் அனுமதி வாங்கித் தொட்டிக்குக் கீழே ஒரு தகரத் தகடு அடித்தேன். ‘கடல் மீன் தொட்டி நிபுணர் எம். முனுசாமி, மேற்கு தாம்பரம்.’ நிபுணர் என்கிற சொல்லை போர்டு எழுதுகிறவர்தான் சேர்த்தார். அர்த்தம் கேட்டேன். சொன்னார். நியாயமாகத்தான் பட்டது.

2. மீனா, மோரா?

இரண்டு மாதம் போயிருக்கும். கிளினிக்கைப் பெருக்கித் துடைக்கிற கன்னியம்மா என் பட்டறைக்கு வந்து நின்றாள்.

“யோவ் நிபுணரு, டாக்டரு கூப்புட்றாரு. உன் கண்ணாடிக்குப் பூசணம் பூத்துகீது.”

வாரா வாரம் வற்றின தண்ணீரை நிரப்பப் போகும்போதெல்லாம் பார்த்தும் பார்க்காத மாதிரி வந்துவிடுவேன். அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். தண்ணீர் மட்டத்தை ஒட்டி நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை. அதற்குக் கீழேயும் மங்கல். ஈரத் துணியால் துடைத்தால் மேலாக இருந்த உப்பு போனது. அடியில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியிருந்தது அசையவே இல்லை. பெஞ்சில் ரயில்வே கிளார்க் வரதன் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கக் கன்னம் தேங்காய் மூடி அளவுக்கு வீங்கியிருந்தது. அந்த நிலையிலும் அவருக்கு வாய் சும்மா இல்லை.

“டாக்டர், உள்ள இருக்கிறது மீனா, மோரா?” என்று கேட்டுவிட்டு, குனிந்து என் தகட்டைச் சத்தமாகப் படித்தார். “நி...பு...ணர்.”

டாக்டருக்கு முகம் சிவந்தது. “பல்லுல காரை இருந்தா பேஷண்டை நான் திட்டுவேன். இப்ப அவங்க என் தொட்டியைக் காட்டிச் சிரிக்கிறாங்க முனுசாமி.”

“ஒரு மணி நேரம் குடுங்க சார்.”

முதலில் பாத்ரூம் ஆசிட் பாட்டிலைத் திறந்தேன். வாடை போன வேகத்தில் டாக்டர் வந்தார். “ஒரு சொட்டு உள்ளே விழுந்தா மீன் குளோஸ். வெளியே எடு.” அடுத்து, கீழ் மூலையில் நைஸ் நம்பர் எமரி பேப்பரால் தேய்த்தேன். வெள்ளை போனது. போன இடத்தில் நூறு கீறல் வந்தது. பவளக் கல்லை நகர்த்திக் கீறலை மறைத்தேன். இதை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மூன்றாவது யோசனைதான் யோசனை. டாக்டர் சாப்பிடப் போனார். அவர் நாற்காலிக்குப் பக்கத்துத் தட்டில் வரிசையாகக் கம்பிகள் மின்னிக்கொண்டிருந்தன. பல் காரை சுரண்டுகிற கொக்கிக் கம்பி. பல்லுக்கு ஆகிறது கண்ணாடிக்கு ஆகாதா? எடுத்தேன், சுரண்டினேன். அடடா, தோல் உரிகிற மாதிரி வந்தது. அரை அடி முடித்திருப்பேன். பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த வரதன் கண்ணைத் திறந்தார்.

“டாக்டர்! அந்தக் கம்பியை என் வாயில வெச்சா நான் போலீசுக்குப் போவேன்!”

அவர் போட்ட சத்தத்தில் டாக்டர் கையில் சோற்றோடு ஓடி வந்தார்.

திட்டினதை எல்லாம் எழுத முடியாது. கிறிஸ்தவர் என்பதால் கெட்ட வார்த்தை இல்லாமல் திட்டினார், அது இன்னும் எரிந்தது. கடைசியாகச் சொன்னார்: “அடுத்த திங்கக்கிழமை காலையில நான் வரும்போது கண்ணாடி கண்ணாடியா இருக்கணும். இல்லைன்னா மீனைக் கொடுத்துட்டு, தொட்டியைக் கவுத்துப் போட்டு மேல வாரப் பத்திரிகை அடுக்கிடுவேன். உன் தகடு மட்டும் அப்படியே இருக்கும். எல்லாரும் படிக்கட்டும்.”

யோசித்துப் பாருங்கள். தாம்பரத்தில் பல் வலி வராதவன் யார்? அத்தனை பேரும் கவிழ்த்த தொட்டிக்குக் கீழே என் பெயரைப் படிப்பார்கள். அதற்குப் பிறகு எனக்கு ஒரு தங்க மீன் தொட்டி ஆர்டராவது வருமா?

3. எலுமிச்சம்பழமும் என் கர்வமும்

செவ்வாய்க்கிழமை ஸ்டேஷன் எதிரே ஜூஸ் கடையில் நின்றேன். கடைக்காரர் கண்ணாடி டம்ளரைப் பிழிந்த எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். போர்வெல் தண்ணீர் ஊற்றியே வெள்ளை படிந்த டம்ளர், பளிச்சென்று வந்தது. அங்கேயே எனக்குப் பொறி தட்டியது. மற்றவனாக இருந்தால் ஜூஸைக் குடித்துவிட்டுப் போயிருப்பான்.

ஒரு டஜன் பழம் வாங்கினேன். தொட்டித் தண்ணீரை ஆறு அங்குலம் இறக்கி வைத்தேன். துணியில் சாற்றை நனைத்து வெள்ளை மேல் ஒட்டிப் பத்து நிமிஷம் விட்டேன். நுரைத்து இளகியது. சாறு உள்ளே வழியாமல் கீழிருந்து மேலாக வழித்து, நல்ல தண்ணீர்த் துணியால் இரண்டு முறை துடைத்தேன். தண்ணீருக்குள் இருந்ததைப் பிளேடைப் படுக்க வைத்துத் தள்ளினேன். பிறகு இறக்கின தண்ணீரையே திரும்ப விட்டு, குறைந்ததற்குக் கேனில் இருந்த புதுக் கடல் தண்ணீரை ஊற்றி மட்டத்தை ஏற்றினேன்.

“பார்த்தியா கன்னியம்மா? மூளை.”

அவள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு பார்த்தாள். “நல்லாத்தான் கீது. எத்தினி நாளைக்கு?”

வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளையும் வந்தது. மெல்லிய கோடுதான், ஆனால் சுற்றிலும். மீன் இரண்டும் மூலையில் ஒதுங்கி வாயை வேக வேகமாகத் திறந்து மூடின.

“வர்றப்பல்லாம் இதுல இன்னா ஊத்துறே?” என்றாள் கன்னியம்மா.

“தண்ணி வத்துது. வத்தினதுக்குக் கோவளத்துலேர்ந்து கடல் தண்ணி. வேற இன்னா ஊத்துவாங்க?”

அவள் விரலைத் தொட்டிக்குள் விட்டாள். நாக்கில் வைத்தாள். முகத்தைச் சுளித்துத் துப்பினாள்.

“இது கடல் தண்ணி இல்லய்யா. பாத்தித் தண்ணி. நாலு வெயில் பட்டா வாரி மூட்டை கட்டலாம்.”

“உனக்கு இன்னா தெரியும்?”

“நான் கேளம்பாக்கம். கண்ணாலம் ஆவுறவரைக்கும் உப்பளத்துலதான் வேலை. கடல் தண்ணியைப் பாத்தியில வுடுவோம். தண்ணி வெயில்ல பூடும், உப்பு நிக்கும். திரும்ப வுடுவோம், திரும்ப நிக்கும். நீயும் அதான் பண்ணிகினு கீறே. வத்தினதுக்கு நல்ல தண்ணி ஊத்துய்யா.”

எனக்குக் கோபம் வந்தது. கடல் மீனுக்குக் குடிக்கிற தண்ணியா? நிபுணர் நானா, இவளா? “போய் வேலையைப் பாரு” என்றேன்.

“பார்க்கிறேன். பத்திரிகை அடுக்கிறதுக்கு இடம் தொடைச்சு வெக்கிறேன்” என்று போனாள்.

4. கோவளம் ரோடு

சனிக்கிழமை காலை பழைய மோட்டார் சைக்கிளில் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு வண்டலூர் வழியாகக் கோவளம் போனேன். தண்ணீர் மொண்டேன். திரும்பி வருகிற வழியில் கேளம்பாக்கம் உப்பளம். இரண்டு மாதமாக வாரா வாரம் இதைத் தாண்டித்தான் போய் வந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் வண்டியை நிறுத்தினேன்.

சதுரம் சதுரமாகப் பாத்தி. ஓரத்தில் எல்லாம் வெள்ளைக் கோடு. டாக்டர் தொட்டியில் இருந்த அதே கோடு. ஒரு பாத்தியில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். பிறகு என் கேனில் விரலை விட்டு வைத்தேன். ஒன்றுக்கும் ஒன்றுக்கும் எவ்வளவு வித்தியாசம்! முந்தின நாள் ரகசியமாகத் தொட்டியிலும் விரலை விட்டுப் பார்த்திருந்தேன். அது கேன் பக்கம் இல்லை, பாத்தி பக்கம் இருந்தது.

இரண்டு கேனையும் அங்கேயே சாய்த்தேன். வேலை செய்துகொண்டிருந்த ஒருத்தர் தலையைத் தூக்கிப் பார்த்தார். கடலைச் சுமந்து வந்து உப்பளத்தில் கொட்டுகிறவனை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

மத்தியானம் கிளினிக் பூட்டிய பிறகு கன்னியம்மாவைத் தேடிப் போனேன். சாவி அவளிடம்தான்.

“நல்ல தண்ணின்னியே, எந்தத் தண்ணி?”

“ஏன், நிபுணருக்குத் தெரியாதா?”

“கன்னியம்மா, மீன் செத்துடும். என் பேரும் செத்துடும். சொல்லு.”

“சொல்றேன். அந்தத் தகட்டுல என் பேரையும் போடு.”

பேசி இறக்கப் பார்த்தேன். அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். ஒத்துக்கொண்டேன்.

உள்ளே அழைத்துப்போய் அலமாரியைத் திறந்தாள். ஊசி கொதிக்க வைக்கிற பெட்டிக்காக டாக்டர் வாங்கி வைத்த காய்ச்சி வடித்த தண்ணீர், பெரிய ஜாடிகளில். “போர்த் தண்ணி வுட்டா பெட்டியில வெள்ளை ஒட்டுதுன்னு இதைத்தான் வுடுவாரு” என்றாள். இரண்டு மாதமாக அந்த அலமாரியில் சாய்ந்து நின்றுதான் நான் பெருமை பேசியிருக்கிறேன்.

ஒரே மூச்சில் ஊற்றினால் மீன் தாங்காது என்று எனக்கே தோன்றியது. (இது என் சொந்த மூளை.) சனி, ஞாயிறு இரண்டு நாளும், மணிக்கு ஒரு செம்பு தொட்டித் தண்ணீரை எடுத்து, ஒரு செம்பு வடித்த தண்ணீரை விட்டோம். ஞாயிறு காலை சர்ச் மணி அடித்தபோது, போகிற வழியில் டாக்டர் எட்டிப் பார்ப்பாரோ என்று இரண்டு பேரும் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். ஞாயிறு சாயங்காலம் மீன் மூலையை விட்டு வெளியே வந்தது. எலுமிச்சையால் மறுபடி ஒரு துடைப்பு. தண்ணீர் மட்டத்துக்குச் சட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு.

5. திங்கட்கிழமை

டாக்டர் வந்தார். தொட்டியைப் பார்த்தார். குனிந்தார், நிமிர்ந்தார். அதற்குள் வரதன் வந்துவிட்டார். “எங்கே நம்ம மோர்?” என்று கேட்டுக்கொண்டே மீனைப் பார்க்க முகத்தை நீட்டினார். கண்ணாடி இருப்பது தெரியவில்லை. இன்னும் வீக்கம் வடியாத கன்னம் நேராகப் போய் இடித்தது.

அவர் போட்ட அலறல் அடுத்த ஸ்டேஷனான சானடோரியம்வரை கேட்டிருக்கும். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய சர்டிபிகேட் அதுதான்.

“முனுசாமி, எந்த கெமிக்கல்?” என்றார் டாக்டர்.

“அது ஃபாரின் பவுடர் சார்...”

பின்னால் கன்னியம்மா இருமினாள். அதே நேரம் டாக்டர் அலமாரியைத் திறந்தார்.

“என் தண்ணி எங்கே?”

“அதுலதான் சார் மீன் நீந்துது” என்றாள் கன்னியம்மா.

எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், நோயாளி உட்காருகிற நாற்காலியில்.

கடல் தொட்டி வைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வெள்ளையைத் துடைக்க எலுமிச்சை போதும். வெள்ளை வராமல் இருக்கத் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு பென்சில் கோடு வேண்டும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு எங்கேயும் போவதில்லை. கோட்டுக்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு காய்ச்சி வடித்த நல்ல தண்ணீரைத் தினமும் ஊற்றுங்கள். பழைய தண்ணீரை இறைத்து மாற்றும்போது மட்டும் கடல் தண்ணீர்.

அதற்குப் பிறகு கடல் தொட்டிகள் நிறையவே செய்தேன், இந்த முறை நிஜமாக. புதுத் தகட்டில் போர்டு எழுதுகிறவர் இரண்டு வரி எழுதினார். ‘கண்ணாடி: எம். முனுசாமி. தண்ணீர்: கன்னியம்மா.’ நிபுணர் என்கிற சொல்லுக்கு இடம் பத்தவில்லை என்றார். ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்டது என் கண்ணாடியைப் பற்றி இல்லை.

“அந்தக் கன்னியம்மா கூட வருவாங்கதானே?” என்றுதான்.