ஸ்லைஸ், வெட்ஜ், கட்லி

என் மகளுக்கு அந்தச் சொற்கள் தெரியவில்லையா, தெரிந்தும் சொல்லாமல் இருந்தாளா? குளிர் விட்டதிலிருந்து எனக்குள் இதே கேள்விதான். கார் ஓட்டும்போது வருகிறது, பாத்திரம் தேய்க்கும்போது வருகிறது. ஆரம்பத்தில் தூக்கத்தைக் கெடுத்தது. இப்போது ஒன்றும் செய்வதில்லை. பக்கத்து அறையில் வாஷிங் மெஷின் ஓடுவதுபோல அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் இருப்பது ஹூஸ்டன் பக்கத்தில், பேர்லேண்டில். கணவர் தினமும் ஃப்ரீவேயில் போய் வேலை பார்த்துவிட்டு வருகிறார். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. மகளுக்கு மூன்றரை வயது முடிந்துவிட்டது. வீட்டில் அவள் வாய் ஓயாது. டேகேரில் வாயே திறப்பதில்லை. ஒருநாள் கூட்டிவரப் போனபோது டேகேர் டீச்சர் என்னை ஓரமாக அழைத்து, ஊர்ப் பள்ளிகளை நடத்துகிற பள்ளி மாவட்டத்தில் பேச்சுப் பரிசோதனை செய்வார்கள், ஒருமுறை காட்டிவிடுவது நல்லது என்றார். நான் உடனே சரி என்றேன். டீச்சர் சொன்னால் உடனே சரி சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

பரிசோதனை நடந்த அறை சின்னது. தாழ்வான மேசை, அதற்கேற்ற குட்டி நாற்காலி. என்னைப் பின்னால் சுவரோரம் உட்காரச் சொன்னார்கள். பரிசோதித்த அம்மையாருக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நல்ல மனுஷி. "நீங்கள் சொல்லித் தரக் கூடாது, கண்ஜாடைகூட வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

முதலில் மரப் பழங்களை எடுத்து வைத்தார். ஆப்பிள், பேரிக்காய், தர்பூசணி. நடுவில் வெல்க்ரோ ஒட்டியிருக்கும். மரக்கத்தியை வைத்து அழுத்தினால் சரக்கென்று இரண்டாகப் பிரியும். கத்தியை மகளிடம் நீட்டி, "கட் தி ஆப்பிள் இன் ஹாஃப்" என்றார்.

மகள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"இட்ஸ் ஓகே ஸ்வீட்டி, டேக் இட்."

அவள் அவருடைய கையைப் பார்த்தாள், பிறகு மேசையைப் பார்த்தாள். மறுபடியும் கையைப் பார்த்தாள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும் என்பார்கள். கத்தி, கத்தரிக்கோல் எதுவானாலும் சமையல் மேடையில் வைப்போம். வேண்டியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் இதை நம்புகிறேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நம்பாமலே செய்துவருகிற பல காரியங்களில் இதுவும் ஒன்று. மகள் இதை ஒரு விளையாட்டாகவே பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா என்னிடம் கத்தரிக்கோலை நீட்டினால் எங்கிருந்தாலும் ஓடி வந்து, "கீழ வைப்பா! சண்ட வந்துடும்!" என்று கத்துவாள். அதைக் கேட்பதற்காகவே அவர் வேண்டுமென்று நீட்டுவார்.

அம்மையார் கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே இருந்தார். பிறகு கத்தியை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். மேசையில் வைத்திருந்தால் அவள் எடுத்திருப்பாள். எடுத்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்கப்புறம் படங்கள். முழு ரொட்டி, ரொட்டியில் ஒரு துண்டு. முழு பீட்சா, பாதி பீட்சா, கால் பீட்சா. எது ஸ்லைஸ், எது ஹாஃப், எது ஹோல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மகள் எதையும் தொடவில்லை. பிறகு வடிவங்கள். வட்டம், முக்கோணம், பிறை. பெயர் சொல்லச் சொன்னார். எல்லாவற்றுக்கும் மௌனம். டைமண்ட் வடிவம் வந்தபோது மட்டும் அவள் முகம் மலர்ந்தது. "கட்லி" என்றாள்.

"குட் ட்ரையிங்!" என்று சொல்லி அவர் அட்டையைத் திருப்பி வைத்தார்.

கட்லி என்றால் முந்திரிக் கட்லி. இந்தியக் கடைகள் இருக்கும் ஹில்கிராஃப்டில் மளிகை வாங்கப் போனால் கணவர் ஒரு பெட்டி இனிப்பும் வாங்காமல் வர மாட்டார். வடிவங்களை அவர் அப்படித்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். டைமண்ட் என்றால் கட்லி, முக்கோணம் என்றால் சமோசா, பிறை என்றால் சோமாசி, நடுவில் ஓட்டை இருந்தால் வடை. ரோட்டில் வழிவிடச் சொல்லும் யீல்டு போர்டைப் பார்த்தால், "அப்பா, தலகீழா சமோசா!" என்பாள்.

முடிந்ததும் நான் அம்மையாரிடம் கத்தி விஷயத்தையும் கட்லி விஷயத்தையும் சொன்னேன். என் இங்கிலீஷில் அது எனக்கே அசட்டுத்தனமாகக் கேட்டது. அவர் பொறுமையாகக் கேட்டு, குறித்துக்கொண்டார். சொன்னதற்கு நன்றி என்றார். பிறகு, கத்தி இல்லாத கேள்விகளும் நிறைய இருந்தனவே என்றார். அது உண்மை.

சில வாரங்களில் முடிவு மின்னஞ்சலில் வந்தது. டேகேர் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து படித்தேன். வயதுக்கேற்ற சொல்வளம் இல்லை, சொன்னதைப் புரிந்து செய்வதில் சிரமம் இருக்கிறது என்று இருந்தது. பள்ளி திறக்கும்போது அவளைச் சிறப்பு வகுப்பில் சேர்க்கலாம். அரை நாள் வகுப்பு, கூடவே பேச்சுப் பயிற்சி. பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். படித்துவிட்டு உள்ளே போய் மகளைக் கூட்டிக்கொண்டு, வரும் வழியில் பால் வாங்கினேன். கடையில் நின்றதும் வாங்கியதும் நினைவிருக்கிறது. என்ன நினைத்தேன் என்பது நினைவில்லை.

"நல்லதுதானே? சின்ன கிளாஸ், நல்லா கவனிப்பாங்க. சைன் பண்ணிடலாம்" என்றார் கணவர்.

"அவளுக்கு எல்லாம் தெரியும்ங்க."

"தெரியும்னா அங்க சொல்லணும். நம்மகிட்ட சொல்லி என்ன யூஸ்?"

"கட்லின்னு சொல்லிக் குடுத்தது யாரு?"

"ஓ, அதுவும் என் தலைலதானா? சரி, இனிமே கடைல போய் ரெண்டு ட்ரையாங்கிள் குடுங்கன்னு கேக்கறேன். ஒண்ணுக்குள்ள பட்டாணி, ஒண்ணுக்குள்ள பன்னீர்."

அவர் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன்.

மறுநாளிலிருந்து சமையலறையில் அவளுக்கு இங்கிலீஷில் பாடம் எடுக்கத் தொடங்கினேன். யாரும் சொல்லவில்லை. சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அப்போதுதான் எனக்கே அந்தச் சொற்கள் சரியாகத் தெரியாது என்று தெரிந்தது. நான் எஞ்சினியரிங் படித்தவள். சாய்சதுரத்துக்குப் பரப்பளவு கண்டுபிடிக்கச் சொன்னால் கண்டுபிடிப்பேன். ட்ரபீசியம் என்று படித்தேன். இங்கே அதை ட்ரபெசாய்ட் என்கிறார்கள், அதைக்கூடச் சமாளித்துவிடலாம். ஆனால் மாங்காய்ப் பத்தைக்கு இங்கிலீஷில் என்ன? ஸ்லைஸா, வெட்ஜா? தேங்காயை உடைத்தால் கிடைப்பது எங்களுக்கு ஒரு மூடி. அதை ஹாஃப் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சரி, தமிழாவது முழுதாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. பச்சை மிளகாயைக் கீறினாலும், வாழைக்காயைச் சீவினாலும், வெங்காயத்தைப் பொடியாக நறுக்கினாலும் இத்தனை வருடமாக நான் அவளிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அம்மா கட் பண்றேன், தள்ளிப் போ."

போனில் தேடித் தேடிப் படித்தேன். நீளமாக அரிந்தால் ஸ்ட்ரிப், கனமாக இருந்தால் ஸ்டிக், சதுரமாக இருந்தால் க்யூப், எலுமிச்சையை நாலாகப் பிளந்தால் வெட்ஜ். பிறகு அவளைச் சமையல் மேடையில் உட்கார வைத்துக் கேட்பேன்.

"வாட் இஸ் திஸ்?"

"ஸ்லைஸ்."

"வெரி குட். திஸ் ஒன்?"

"ஸ்டிக்."

"திஸ்?"

எலுமிச்சைத் துண்டு. அதை வாயில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுருக்கினாள். "புளிப்பு!"

"இல்ல கண்ணு. ஷேப் என்ன ஷேப்?"

"புளிப்பு ஷேப்."

அதற்குச் சிரித்திருக்க வேண்டும். நான், "நோ. வெட்ஜ்" என்றேன். அவள், "வெட்ஜ்" என்றாள்.

சீக்கிரமே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். தோசையைப் பிய்த்து வைத்தால், "ஒன் மோர் பீஸ்" என்று கேட்டாள். இதற்காகத்தானே இவ்வளவும் என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இன்னொரு துண்டு பிய்த்து வைத்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை கணவர் இனிப்புப் பெட்டியைத் திறந்து ஒரு கட்லியை எடுத்து அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார். "இது என்னடி தங்கம்?"

மகள் என்னைப் பார்த்தாள்.

"அங்க ஏன் பாக்கற? அப்பாகிட்ட சொல்லு."

மறுபடியும் என்னைப் பார்த்தாள். எது சரியான விடை என்று என் முகத்தில் தேடினாள். நான் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். அவள் அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"என்ன பண்ணி வெச்சிருக்க இவள?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அதிலிருந்து கவனிக்கிறேன். வீட்டிலும் அவள் பேச்சு குறைந்திருக்கிறது. வேண்டியதைக் கை காட்டிக் கேட்கிறாள். உண்மையிலேயே குறைந்திருக்கிறதா, நான் கவனிப்பதால் அப்படித் தெரிகிறதா என்று சொல்ல முடியவில்லை. கணவர், எல்லாம் உன் பிரமை என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனோம். தரிசனம் முடிந்து கேன்டீனில் வரிசையில் நின்றோம். புளியோதரை பரிமாறிக்கொண்டிருந்த ஆன்ட்டிக்கு எங்களை நன்றாகத் தெரியும்.

"ஏன் கண்ணு, முகமே சரியில்ல?"

சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம் என்று பாதியிலேயே தோன்றியது.

"ஐயையோ, சைன் போட்டுறாத. ஒரு தடவ அந்த கிளாஸ்ல உக்கார வெச்சா ஃபைல்ல அது கூடவே வரும். என் பேரன் நாலு வயசு வரைக்கும் வாயே தொறக்கல. இப்ப அவன் வாய மூடறதுக்குத்தான் வீட்ல ஆள் தேடறோம்."

எனக்குப் பின்னால் தட்டோடு நின்ற ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "ஆன்ட்டி, சும்மா பயமுறுத்தாதீங்க. என் பையன் அந்த மாதிரி கிளாஸ்ல ஒரு வருஷம் இருந்துட்டுத்தான் வந்தான். நல்லாத்தான் இருக்கான்."

"நல்லாத்தான் இருக்கான், யாரு இல்லேன்னா? வணக்கம் சொல்லுடான்னா 'வாட்ஸ் அப் ஆன்ட்டி'ங்கறான்."

வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள், அந்தப் பெண்ணும் சேர்ந்து சிரித்தாள். மகள் என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் நின்றாள். அந்தப் பெண்ணிடம் இன்னும் கேட்டிருக்கலாம். அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை பரிசோதித்த அம்மையாருக்கே போன் செய்தேன். தமிழில் ஒருமுறை சோதித்துப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்றார். ஆனால் தமிழ் தெரிந்த ஆளைத் தேட வேண்டும், சில மாதங்கள் ஆகலாம், அதற்குள் வகுப்பு தொடங்கிவிடும், இடத்தைப் பிடித்து வைக்க முடியாது. கஷ்டம் இருக்கிற குழந்தைக்கு ஒவ்வொரு மாதமும் முக்கியம் என்றும் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

யோசித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. தமிழில் சோதிக்கவும் எனக்குப் பயம். இப்போது சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கிறது. மொழி வேறு, வழக்கம் வேறு, இடம் புதிது. தமிழ் பேசுகிற ஒருவர் எதிரில் உட்கார்ந்து, கத்தியை மேசையில் வைத்து, பாதியாக வெட்டுடா செல்லம் என்று சொல்லியும் அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டால், அதற்குமேல் சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றும் இருக்காது. இதை நான் கணவரிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். கணவர், உன் இஷ்டம், எதுவானாலும் நான் கூட இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அது உதவியாக இல்லை.

இதைப் படிப்பவர்களில் இப்படி ஒரு வகுப்புக்குக் குழந்தையை அனுப்பியவர்கள் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். வேண்டாம் என்று மறுத்தவர்களும் சொல்லுங்கள். இப்போதே கையெழுத்துப் போட்டுவிடலாமா, தமிழில் சோதிக்கச் சொல்லிக் காத்திருக்கலாமா? அதுவரை நான் அவளிடம் எந்த மொழியில் பேசுவது? கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அவள் என் முகத்தைப் பார்க்கும்போது நான் என்ன செய்ய வேண்டும்? எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் எழுத வேண்டாம், அதை நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள், பிறகு என்ன ஆனது, அதை உள்ளபடி சொன்னால் போதும்.