தயிர் விட்ட ஆறு மாதம்

எங்கள் வீட்டில் பால் வாங்குவதில்லை என்று கேள்விப்பட்டால் திருநெல்வேலிச் சொந்தக்காரர்கள் முதலில் என்னைப் பாவம்போலப் பார்ப்பார்கள். பிறகு என் மகளைத் திட்டுவார்கள். "படிச்ச பிள்ளை செய்யுத வேலையா இது?" என்பார்கள். திட்டிக்கொள்ளட்டும். நானும் திட்டியவள்தான். ஆனால் மகள் கல்யாணமாகிப் புனேவுக்குப் போய்விட்ட இந்த நாட்களில், ஹைதராபாத் மல்காஜ்கிரி வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து சாப்பிடும்போது, எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அந்த ஆறு மாதம்தான். மூன்று பேரும் ஒரே சமையலறையில் இடித்துக்கொண்டு நின்ற கடைசிக் காலம் அது.

என் கணவர் ராமச்சந்திராபுரத்துத் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். காலையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக வேண்டும். அவர் கையில் தயிர்ச்சோற்று டப்பா இல்லாமல் அந்த பஸ் ஏறிய நாள் எனக்குத் தெரிந்து இல்லை. பக்கத்தில் கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய். மற்றதெல்லாம் அவருக்குச் சும்மா. வீட்டிலும் அப்படித்தான். சாம்பார் எப்படி, ரசம் எப்படி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தயிர் கொஞ்சம் புளித்துவிட்டால் மட்டும் முகம் மாறும். ஹைதராபாத் வெயிலில் தயிர் புளிக்காமல் பார்த்துக்கொள்வது லேசுப்பட்ட காரியமா? உறை ஊற்றிய பாத்திரத்தைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் உட்கார வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டை நான்தான் அறிவேன்.

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் இருக்கும். ஒரு நாள் மல்காஜ்கிரி ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறும்போது பாதியில் நின்றுவிட்டார். நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார். ஆஸ்பத்திரியில் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறது என்றார்கள். சர்க்கரை, கொழுப்பு இரண்டும் எக்குத்தப்பாக இருந்தன. டாக்டர் நல்ல மனிதர், தெலுங்குக்காரர். உடனே கத்தி வைக்க வேண்டாம், மாத்திரை சாப்பிடட்டும், நடக்கட்டும், சாப்பாட்டை மாற்றட்டும், ஆறு மாதம் கழித்துப் பார்த்துவிட்டு ஆபரேஷனா இல்லையா என்று முடிவு செய்வோம் என்றார். அந்த ஆறு மாதம் என்ற வார்த்தை என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அவர் நெஞ்சைத் திறக்கப்போகிறார்களா இல்லையா, அதுதான் கேள்வி. வேறொன்றும் எனக்குப் படவில்லை.

செய்தி கேட்டு மகள் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஐடி கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று அனுமதி வாங்கிவிட்டாள். அவள் அப்போதே இரண்டு வருஷமாக வீகன். பால், தயிர், நெய், தேன் எதுவும் தொட மாட்டாள். எனக்கு அது ஒரு கிறுக்காகத்தான் பட்டது. நாங்கள் பிறவிச் சைவம், முட்டைகூட வாசல் தாண்டாத வீடு, அதற்கு மேல் என்னடி சைவம் என்று நான் கேலி செய்யாத நாள் கிடையாது.

வந்த அன்றே சொல்லிவிட்டாள். "அப்பாவுக்கு இனிமே நோ மில்க், நோ கர்ட், நோ நெய். டோட்டலா ப்ளான்ட் ஃபுட். நேனு சூஸ்குண்டானம்மா, நா மீத வதிலெய்." தான் பார்த்துக்கொள்கிறேன், தன்னிடம் விட்டுவிடு என்கிறாள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, கோபத்திலும் பாசத்திலும் தமிழ் பாதியில் நின்றுவிடும்.

"ஏட்டி, அந்த மனுஷனுக்குத் தயிர் இல்லாம சோறு இறங்குமா?" என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "இறங்கும். விடு," என்றார். அந்தக் குரலில் இருந்த பயம் எனக்குக் கேட்டது.

மறுநாள் காலையில் பால்காரர் வந்தார். அல்வால் பக்கத்திலிருந்து எருமைப்பால் கொண்டுவருகிறவர். இருபது வருஷப் பழக்கம். "தூத் நக்கோ," பால் வேண்டாம் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "கைக்கு அம்மா? பானி நை மிலாயா," என்றார். பாலில் தண்ணீர் கலந்ததாக நான் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார் மனிதர். இல்லை ஐயா, வீட்டில் ஐயாவுக்கு நெஞ்சு சரியில்லை என்று எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் சொன்னேன். நெஞ்சு சரியில்லாதவனுக்குத்தானே பால் வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டார். அவரை அனுப்பிவிட்டு உள்ளே வந்து, பால் வாங்கும் பாத்திரத்தைப் பரணில் ஏற்றினேன்.

மகள் வேர்க்கடலையை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, காய்ச்சிப் பாலாக்கினாள். அதில் பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டால் தயிராகத் தோயும் என்றாள். போட்டாள். தோயவில்லை. இரண்டாம் நாள் ஒரு மாதிரி கொழகொழவென்று வந்தது. அவர் ஒரு வாய் வைத்துவிட்டு மிச்சச் சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் எதிர் வீட்டுத் தெலுங்குக்கார அம்மாளிடம் ஒரு ஸ்பூன் மோர் வாங்கிவந்து, மகள் மீட்டிங்கில் இருக்கும்போது கடலைப்பாலில் உறை ஊற்றிவிட்டேன். கட்டியாகத் தோய்ந்தது. அவர் ரசித்துச் சாப்பிட்டார். ஒரு ஸ்பூன் மோர் ரத்தக் குழாயை என்ன செய்துவிடும்?

நாலைந்து நாளில் மகள் கண்டுபிடித்துவிட்டாள். மோர் வாங்கிய கிண்ணம் ஃபிரிட்ஜின் பின்வரிசையில் இருந்தது. அவளுக்கு விஷயம் ரத்தக் குழாய் மட்டும் இல்லை, மாடும் கன்றும். எனக்கு விஷயம் அவர் மட்டும்தான். அன்றைக்கு நடந்த சண்டை எதிர் வீட்டுக்கே கேட்டிருக்கும்.

"ஒளிச்சு வச்சு நீயும் தயிர் சாப்பிடறியா?" என்று கேட்டாள்.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அது பிறவிக் குணம். நான் ஒரு சொட்டுக்கூடத் தொட்டிருக்கவில்லை. அவர் அந்தக் கடலைத் தயிரை முகம் சுளிக்காமல் விழுங்கப் பழகிக்கொண்டிருக்கும்போது, அதே வீட்டில் நான் நல்ல தயிர் விட்டுச் சாப்பிட முடியுமா? எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரருக்கு விலக்கு என்றால் வீட்டுக்காரிக்கும் விலக்குத்தான். யாரும் சொல்லித் தருவதில்லை, அப்படியே நடக்கும். ஆனால் பெற்ற பெண் திருடியைக் கேட்கிற மாதிரி கேட்டதும், வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆமா, தின்னுதேன். என்ன இப்போ?" என்றேன்.

அந்த ஒரு வார்த்தை வீட்டில் நிலைத்துவிட்டது. எதிர் வீட்டில் வாங்கித் தின்கிறேன் என்று இரண்டு பேரும் நம்பிவிட்டார்கள். அதன் பிறகு அவர்கூடக் கிண்டல் செய்வார். "என்னளா, திருட்டுத் தயிர் இன்னைக்குப் புளிச்சிருக்கா?" என்பார். "தேனா இருக்கு," என்பேன். மகள் ஏழு அறை வைத்த மாத்திரை டப்பா ஒன்று வாங்கி அப்பாவுக்கு எல்லாம் அடுக்கி வைத்தாள். பி-12 என்று ஒரு மாத்திரை. பால் விட்டவர்கள் அதை மட்டும் மறக்கக் கூடாது, செடிகொடியில் அது கிடையாது என்று சொல்லித் தானும் போட்டுக்கொண்டாள். "அம்மா, நீயும் போட்டுக்கோ," என்று எனக்கும் நீட்டினாள். "நான்தான் தயிர் தின்னுதேனே, எனக்கு எதுக்கு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீம்புதான். வேறென்ன சொல்ல?

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, சாப்பாடு அவரை மாற்றியது. ஒரு மாதம் போனதும் சமையலறையே வேறாகிவிட்டது. சாயங்காலம் தெருமுனையில் அடுப்பு வைத்துச் சோள ரொட்டி தட்டுகிற தெலுங்கானா அம்மாளிடம் சுடச்சுட வாங்கிவருவோம். கோங்கூரா என்கிற புளிச்சக்கீரையும் பருப்பும் சேர்த்துக் கடைந்தால் நெய் கேட்காது. எங்கள் ஊர் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் பால் சம்பந்தமே இல்லாத சாப்பாடு என்று மகள் கண்டுபிடித்து, என்னவோ நேற்றுப் பிறந்த புதுமை மாதிரி தன் ஆபீஸ் சிநேகிதிகளுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். தேங்காய்ப்பால் சொதி வேண்டும் என்று அவர் கேட்டார். தேங்காயும் அளவோடுதான் என்று வாரம் ஒரு தடவைதான் வைத்தாள். காலையில் முளைகட்டிய பயறு, மத்தியானம் கீரை, கைக்குத்தல் அரிசி. மிளகாய்க் காம்பு வித்தையும் கைவந்துவிட்டது. முப்பது வருஷமாகச் சாப்பாட்டைப் பற்றிப் பேசாத மனிதர், "இன்னைக்குத் துவையல்ல எள்ளு கூட," என்று பேச ஆரம்பித்தார். நான் அரைக்க, அவள் தாளிக்க, அவர் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கீரை ஆய்வார். அந்தச் சிரிப்புச் சத்தம் இப்போது இந்த வீட்டில் இல்லை. எனக்கு அது வேண்டியிருக்கிறது.

மூன்றாவது மாதத்தில் அவர் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் நெஞ்செரிச்சல் நின்றது. மலச்சிக்கலுக்கு வாங்குகிற பொடி டப்பா தூசி பிடித்துக் கிடந்தது. ஐந்தாவது மாதத்தில் நடைமேம்பாலத்தில் நிற்காமல் ஏறி, மேலே நின்றுகொண்டு எனக்காகக் காத்திருந்தார். நான்தான் கீழே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. முதலில் பாதம், பிறகு கணுக்கால். கையிலிருந்து கரண்டி நழுவும். நாக்கு எரியும். குக்கரில் அரிசி போட்டேனா என்று திறந்து பார்ப்பேன். வயதாகிவிட்டது என்று நினைத்தேன். ஒன்றுக்கும் ஆகாத விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தேன். வீட்டில் இருந்த கவலை எல்லாம் அவருடைய நெஞ்சைப் பற்றியது. அதில் என் பாதத்தைக் கொண்டுபோய் நுழைக்க எனக்கு மனம் வரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

ஆறு மாதம் முடிந்து ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டோடு மூன்று பேரும் டாக்டரைப் பார்க்கப் போனோம். டாக்டர் தாளைப் புரட்டிக்கொண்டே வந்தார். பிறகு சிரித்தார். சர்க்கரை இறங்கியிருக்கிறது, கொழுப்பு நன்றாக இறங்கியிருக்கிறது, மாத்திரையை விட்டுவிடாமல் இதே சாப்பாட்டைத் தொடருங்கள், இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்லை என்றார். மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அழுத்துவதைக் கண்ணால் பார்த்தேன். விரலில் சரியாகத் தெரியவில்லை.

அந்த நேரம் நர்ஸ் கதவைத் திறந்து ஒற்றைச் செருப்பை நீட்டினாள். வெளியே நடையில் கிடந்ததாம், யாருடையது என்று கேட்டாள். குனிந்து பார்த்தேன். என் இடது கால் வெறும் காலாக இருந்தது. அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறேன், கழன்றது தெரியவில்லை.

டாக்டர் ரிப்போர்ட்டை மேஜையில் வைத்துவிட்டார். என்னை உட்காரச் சொன்னார். ஒரு பேனா முனையால் பாதத்தில் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டார். சில இடத்தில் தெரிந்தது. சில இடத்தில் இல்லை. எத்தனை நாளாக என்றார். மூன்று மாதம் இருக்கும் என்றேன். கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பி-12 குறைந்தால் இப்படி நரம்பைத் தொடும், பிறவிச் சைவம் என்றால் உடம்பில் கையிருப்பு முதலிலேயே கம்மியாக இருக்கும், பாலும் தயிரும்தான் கொஞ்சமாவது கொடுக்கும் என்று சொல்லிவிட்டு, இவர்கள் பால் தயிர் சாப்பிடுகிறார்களா என்று மகளைக் கேட்டார்.

"ஷீ டேக்ஸ் கர்ட், டாக்டர். எவ்ரிடே," என்றாள் மகள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆபரேஷன் இல்லை என்ற சந்தோஷம் ஒரு பக்கம், அவமானம் ஒரு பக்கம். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"இல்ல," என்றேன்.

"என்ன இல்ல?" என்றார் கணவர்.

"தின்னல."

"ஒரு நாளுமா?"

"ஒரு நாளும் இல்ல."

"பொறவு ஏம்ளா தின்னுதேன்னு சொன்னே?"

"கோவத்துல சொன்னேன்."

"தின்னிருக்க வேண்டியதுதானே?"

"நீங்க தின்னலையே," என்றேன்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டாக்டர் அவருக்கு மாத்திரைச் சீட்டு எழுதப் பேனாவை எடுத்தார். கணவர் கையை நீட்டி அந்தச் சீட்டை மேஜையிலேயே தடுத்துவிட்டார். "முந்து ஈமெனி சூடண்டி சார்," என்றார். முதலில் இவளைப் பாருங்கள் என்றார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் எனக்காக ஒரு டாக்டரிடம் வாய் திறந்தது அன்றைக்குத்தான்.