மறுதாம்புச் சோளமும் அக்காவின் ஏழு ஆடுகளும்

எங்கள் அக்கா கண்மூடிய அன்று உடனிருந்தவர்கள்: நான், என் மனைவி, என் மகள், பக்கத்துத் தோட்டத்து மாமா, ஊசி போட வந்த நர்சம்மா. ஆக ஐந்து பேர். யாரையாவது விட்டுவிட்டேனோ என்று மூன்று தரம் எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது நல்லூருக்குத் தெற்கே ஒரு மேட்டாங்காட்டில். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அக்காவுக்குப் பதினேழு வயது, எனக்குப் பத்து. மிஞ்சியது பன்னிரண்டு வெள்ளாடுகள். எந்தத் தழை எந்த ஆட்டின் உடம்பில் சேரும் என்பதில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. குட்டி ஈன்ற ஆட்டுக்குப் பால் ஊறக் கல்யாண முருங்கை. இளைத்த குட்டிக்குச் சதை பிடிக்க வெள்வேலங்காய். புல் காய்ந்த கோடையில் வேலியில் நிற்கும் கிளுவைத்தழை.

"உங்கக்கா ஆட்டுக்குப் பந்தி வெக்கறா. எனக்கும் ஒரு எலை போடச் சொல்லு சாமி" என்று மாமா கேலி செய்வார்.

அவிநாசிப் பக்கம் அக்காவுக்கு நல்ல இடம் ஒன்று கூடியது. ஆடுகளை விற்றுத்தான் கல்யாணம். அந்த வருஷம் பார்த்து மழை இல்லை. ஆடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. விலை போகாதோ, கல்யாணம் நின்றுவிடுமோ என்று எனக்குச் சோறே இறங்கவில்லை. லேசாகத் தூறியதும், அறுத்துவிட்ட சோளக்காட்டின் அடித்தாளில் மறுதாம்பு பச்சைப்பசேலென்று துளிர்த்தது. அந்தத் துளிர் நஞ்சு, ஆட்டை விடக்கூடாது என்று அக்கா பலமுறை சொன்னதுதான். ஒரு வாய் பச்சை தின்றால் தேறிவிடுமே என்று, அக்கா தண்ணீருக்குப் போன நேரத்தில் நான் ஓட்டிவிட்டேன்.

அக்கா குடத்தோடு திரும்பியபோது ஏழு ஆடுகள் நுரை தள்ளிக் கிடந்தன.

"மறுதாம்புல உட்டயா கண்ணு?"

"வகுறு ஒட்டிக் கெடந்துதுக்கா..."

மாமா ஓடிவந்தார்.

"ஆரு புள்ள இதுல ஓட்டுனது?"

"நாந்தானுங்க மாமா. கண்ணசந்துட்டனுங்க."

"நீயா? ஊருக்கே தழை சொல்றவ, நீயா?"

அக்கா தலைகுனிந்து நின்றார். நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

எட்டாம் நாள் மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பினார்கள். "ஆட்டையே பாக்கத் தெரியாத புள்ள, ஊட்டை எப்படிப் பாக்கும்?" என்றார்களாம். அதன்பின் அக்காவுக்கு எந்த இடமும் கூடவில்லை. மிச்ச ஐந்து ஆடுகளை வெள்வேலங்காய் பொறுக்கிப் போட்டுத் தேற்றி, குட்டிகளை விற்று என்னை ஆளாக்கினார்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வாங்கிய முதல் சம்பளத்தை அக்கா கையில் வைத்தேன்.

"ஏழு ஆட்டுக் காசுக்கா. கொஞ்சங் கொஞ்சமாக் கட்டீர்றேன்."

"போ கண்ணு. எந்த ஆடு?"

திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு எத்தனை முறை கொடுத்தும் அதே பேச்சுத்தான்.

கடைசி நாட்களில் அக்காவுக்குக் கஞ்சியும் செல்லவில்லை. முதுகைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டியது. எதைக் கொடுத்தால் உடம்பில் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொள்ள எனக்கு இருந்தவரும் அக்கா ஒருவர்தான்.

வேளை தவறாமல் வந்த நர்சம்மாவுக்கும், பாடை கட்டித் தோள் கொடுத்தவர்களுக்கும், கடைசிவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமாவுக்கும் நன்றி. மாமா, அன்று ஓட்டியது நான்தான். அக்கா இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

அக்காவுக்கு நான் தரவேண்டியது: அன்றைய விலையில் ஆடு ஒன்றுக்கு இருபது ரூபாய் வீதம், ஏழு ஆட்டுக்கு நூற்று நாற்பது ரூபாய்.