வெட்டுப்பட்ட பாதிப் பக்கம்

சேகரிப்பவன் என்று என்னைச் சொல்வார்கள். பேராசைக்காரன் என்பதுதான் சரி. எழுபதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியில் முனிசிபல் குமாஸ்தாவாக இருந்தபோது, ஒரு தமிழ் வார இதழின் யுத்தகாலப் பிரதிகளைத் தேடித் தேடிச் சேர்த்துக்கொண்டிருந்தேன். காகிதப் பஞ்சத்தில் மெலிந்துபோன இதழ்கள். துணுக்கு, சமையல், போர்ச் செய்தி எல்லாம் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். ஒரு பிரதி கிடைத்தால் இரண்டு நாள் யார்மேலும் எரிந்து விழமாட்டேன்.

சுக்கு கோடவுன்களுக்குப் பின்னால் பழைய காகிதமும் இரும்பும் எடைக்கு வாங்கும் ஆக்ரிக் கடை ஒன்று இருந்தது. ஒருநாள் அங்கே ஒரு வருட இதழ்கள் மொத்தமாக வந்திருந்தன. வாரிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். பிரித்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் காணோம். யாரோ வாராவாரம் கத்தரித்துப் புத்தகமாகத் தைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் அதைச் செய்யாதவர்கள் யார்? ஆனாலும் அந்தக் கத்தரிக்கோலை அன்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

திரும்பிப் போய்க் கேட்டதும், அவற்றைப் போட்டவர்களின் வீட்டைக் கடைக்காரர் சொன்னார். இரண்டு தெரு தள்ளி, ஓய்வுபெற்ற தமிழ் நர்ஸ் அம்மாள் ஒருவர். மகன்தான் கொண்டுவந்து போட்டானாம். மறுநாள் மாலையே போனேன். தோள்பையில் இதழ்கள், சட்டைப்பையில் ஒரு பிளேடு. ஒரே ஒரு இதழையாவது முழுசாக்கிவிட வேண்டும். பழைய தொடர்கதைகள் பிடிக்கும், தைத்த புத்தகம் இருந்தால் விலைக்குத் தருவீர்களா என்று மட்டும் அவரிடம் கேட்டேன். பையைத் திறக்கவில்லை.

"வெலைக்கா? தரமாட்டேன் சாரே. இங்கேயே இருந்து வாயிச்சுக்கோங்க. நான் சாயா போடறேன்."

தைத்த புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போனார். கடைசி அத்தியாயம் போதும் என்று தீர்மானித்தேன். பிளேடை வைத்து அழுத்தினேன். ஒரு தையல் விட்டது. உள்ளே பாத்திரம் உருண்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்ததையும் அறுத்தேன். காலடிச் சத்தம் கேட்டதும் பிளேடை ஒளித்துப் புத்தகத்தை மூடினேன்.

"கடைசித் தாளு பாதிதான் இருக்கும், கண்டீங்களா?" என்றபடி எதிரே உட்கார்ந்தார். "கதை பாதிப் பக்கத்தில தீர்ந்துபோச்சு. அதுவரைக்கும் வெட்டி எடுத்தேன், பின்பக்கம் திருப்பிப் பார்க்கலே. அங்கே எங்க அண்ணன் எழுதின துணுக்கு. மேல்பாதி இங்கே வந்துபோச்சு, முடிவு அந்த வாரிகை இதழிலேயே நின்னுபோச்சு."

"அப்போதே எடுத்து ஒட்டியிருக்கலாமே?"

"ரெண்டும் வீட்டிலதானே இருக்குன்னு விட்டுட்டேன். அண்ணன் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி வரலே. அவன் எழுதி அச்சில வந்தது அது ஒண்ணுதான். இப்போ மோன் பரணை ஒழிச்சு எல்லாத்தையும் ஆக்ரிக்குக் கொடுத்துட்டான். அவனுக்குத் தமிழ் வாயிக்கத் தெரியாது, என்ன சொல்ல? கடைக்கு ஓடினேன். வித்துப்போச்சாம். முடிவு என்னன்னு எனக்கு மறந்தும்போச்சு சாரே."

பை என் மடியில்தான் கிடந்தது. எழுந்து போய்விட்டால் யாருக்கும் தெரியாது. அவர் புத்தகத்தை வாங்கக் கை நீட்டினார். என்னையறியாமல் பையைத் திறந்துவிட்டேன்.

கடைசி இதழைத் தேடி எடுத்தேன். முழுதாகவே கொடுத்திருக்கலாம், மனசு வரவில்லை. பதற்றத்தில் சட்டைப்பையிலிருந்த பிளேடை எடுத்து, அந்தப் பாதித் தாளை மட்டும் அறுத்துக் கொடுத்தேன்.

இரண்டு பாதிகளையும் மேசைமேல் சேர்த்து வைத்து, விரலை ஓட்டி வாசித்தார். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கும் கணவனைப் பற்றிய துணுக்கு. சுமார்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

பிறகு பிளேடைப் பார்த்தார். புத்தகத்தைத் திருப்பினார். அதன் முதுகில் அறுந்த நூல்கள் தொங்கின.

"பிளேடு எப்பவும் கையில வச்சிருப்பீங்களா, சாரே?"

உள்ளே போய் ஊசியும் நூலும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"எனக்கு ஊசிக்காது தெரியாது. தெச்சுட்டுப் போங்க."

நூல் கோக்கவே வெகுநேரம் ஆயிற்று. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு பாதிகளையும் புத்தகத்தோடு சேர்த்துத் தைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.