நூற்றுப் பதினாறு கிலோவும் மூன்று பந்துகளும்

ஊரில் மற்றவர்கள் இருமலை நிறுத்துவதற்குச் சம்பளம் வாங்குகிறார்கள். இருமச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர்கள் நாங்கள்.

தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் நான் பிசியோதெரபிஸ்ட். இதய அறுவை முடிந்து வருகிறவர்களை உட்கார வைப்பதும், நடக்க வைப்பதும், ஆழமாக மூச்சிழுக்க வைப்பதும், இரும வைப்பதும் என் வேலை. நெஞ்சைப் பிளந்து தைத்து இரண்டு நாள்கூட ஆகாத ஒருவரிடம் போய், ‘நல்லா இருமுங்க சார்’ என்று நாள் முழுக்கச் சொன்னால் என்னென்ன பெயர் வைப்பார்கள் என்பது வீட்டில் யாருக்காவது பைபாஸ் நடந்திருந்தால் உங்களுக்குத் தெரியும். வைத்தவர்களில் நீங்களும் இருக்கலாம். பரவாயில்லை. நானும் உங்களைப் போல மூச்சுக் கருவியின் பந்துகள் ஏறுமா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தான். கீழே உள்ள துணுக்குகளெல்லாம் தணிகாசலம் என்ற ஒரே மனிதர் ஒரே வாரத்தில் தந்தவை.

சுவரோரம்

தணிகாசலத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. முடிச்சூர் பக்கம் பூர்வீகம். அப்பா நெல் போட்ட நிலத்தில் இவர் சிமென்ட்டும் கம்பியும் விற்கிறார். இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக் குழாய் அவருக்கு வீங்கியிருந்தது. வீங்கிய துண்டை எடுத்துவிட்டுச் செயற்கைக் குழாய் வைக்க வேண்டும். மயக்க மருந்துக்குச் சரியான எடை தேவை என்பதால் முந்தின நாள் அவரை எடை மேடையில் ஏற்றினோம். நூற்றெட்டு காட்டியது.

அவர் மனைவி வசந்தா ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் எடை என்றால் சிமென்ட் மூட்டைக் கணக்கு, மூட்டைக்கு ஐம்பது கிலோ. “ரெண்டு மூட்டையும் ஒரு பாண்டு சட்டி மணலும் மேடம். போன வாரம்தான் கடைத் தராசுல ஏத்திப் பாத்தோம்” என்றார். பிறகு மேடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தணிகாசலத்தின் இடது முழங்கை யதேச்சையாகச் சுவரில் ஊன்றியிருந்தது. முழங்கையை எடுத்ததும் நூற்றுப் பதினாறு. வசந்தா கணவரை நிமிர்ந்து பார்த்தார். “எட்டு கிலோவ செவுத்துகிட்ட குடுத்து வெச்சிகீறியே, நாளைக்கு உன்னைக் கிழிக்கப் போறாங்களா, செவுத்தக் கிழிக்கப் போறாங்களா?”

மச்சானின் மூச்சு

எங்களிடம் ஒரு பிளாஸ்டிக் கருவி உண்டு. மூன்று அறைகள், அறைக்கு ஒரு பந்து, ஒரு குழாய். குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் மேலே ஏறும். ஆனால் குழாயைக் கையில் கொடுத்த மறுகணம் எல்லோரும் ஊதுகிறார்கள். பொறியாளர்கள் ஊதுகிறார்கள். ஒரு டாக்டரே ஊதினார். தணிகாசலமும் கன்னம் உப்ப ஊதினார். ‘இழுக்கணும் சார்’ என்றதும் இழுத்தார். முதல் பந்து லேசாக நடுங்கிவிட்டுப் படுத்துக்கொண்டது.

வசந்தாவின் தம்பி சேகர் பக்கத்தில் நின்றிருந்தான். கடையில் லாரி இறக்குகிற பொறுப்பு அவனுடையது; ஆள் ஒரு மூட்டையைக் கொஞ்சம் தாண்டுவான். “நான் ஒரு தபா பாக்கறேன் மேடம்” என்றான். வேறு குழாய் மாட்டிக் கொடுத்தேன். ஒரே இழுப்பில் மூன்று பந்தும் உச்சியில் போய் ஒட்டிக்கொண்டு நின்றன. நர்ஸ் ஜெனிபர் கைதட்டியேவிட்டார். தணிகாசலம் தன் ஆஸ்பத்திரிச் சட்டையின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். “சூப்பர் மச்சான். இந்தச் சட்டைய மாட்டிகினு நீ போய் படுத்துக்கோ, நான் கடையப் பாத்துக்கறேன்.”

கட்டுக்கம்பி

அறுவை நன்றாக முடிந்தது. மறுநாள் மூச்சு இயந்திரத்தின் குழாயை வாயிலிருந்து எடுத்து, ஆக்சிஜன் முகமூடி மாட்டினார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. பருத்த உடம்பு மல்லாந்து படுத்தால் வயிறு மேலே ஏறி நுரையீரலை அழுத்தும். நுரையீரலின் அடிப்பாகம் மூடிக்கொள்ளும், சளி தேங்கும். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் இன்னும் மூடும். அதனால்தான் இருமச் சொல்கிறோம். தணிகாசலம் இருமவில்லை. ஒரு தலையணையைக் கொடுத்து, நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டு இருமுங்கள் என்றேன். அணைத்துக்கொண்டார். இருமவில்லை.

விசாரித்தபோது காரணம் வந்தது. பிளந்த நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருக்கிறோம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். முப்பது வருடம் கம்பி விற்றவரிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. “இன்னா கம்பி மேடம்? கட்டுக்கம்பியா? எத்தினி முறுக்கு போட்டாரு? ரெண்டு முறுக்குதான்னா இருமினா புட்டுக்கும்” என்றார், வாக்கியத்துக்கு மூன்று முறை மூச்சு வாங்கி. நான் அறுவை மருத்துவரிடம் போய்க் கேட்டேன். பத்து வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை அவரிடம் கொண்டுபோனதில்லை. அவர் சிரிக்காமல், “ஏழு கம்பி, நல்ல ஸ்டீல், ஒவ்வொண்ணும் அஞ்சாறு முறுக்கு” என்று சொல்லி அனுப்பினார். தணிகாசலம் கண்ணை மூடி மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். “பத்து போட்டிருக்கணும். கம்பில சிக்கனம் பண்ணிட்டாரு டாக்டரு.”

பட்டினி

மூன்றாம் நாள் காலை கட்டிலோடு எடை பார்த்துக் கட்டிலைக் கழித்தோம். நூற்று இருபத்தொன்று. பெரிய அறுவைக்குப் பிறகு உடம்பில் நீர் சேரும், மருந்து கொடுத்தால் ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஆனால் அதுவரை அந்த நீரும் நுரையீரலுக்குப் பாரம்தான். இதை நான் வசந்தாவுக்கு விளக்கமாகச் சொன்னேன். அவர் காதில் எண் மட்டும்தான் விழுந்தது. “ரெண்டு நாளா அரை இட்லி துன்னாரு. அதுக்கு அஞ்சு கிலோ ஏறிக்கீது. இத்த நாங்க வூட்லயே பிரியாணி போட்டு ஏத்தியிருப்போமே மேடம்!”

எண்ணிக்கை

அன்று காலை யாரும் அதிகம் சிரிக்கவில்லை. முகமூடி போட்டும் ஆக்சிஜன் எண் எண்பத்தெட்டில் நின்றது. “சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம். ஏறலைன்னா திரும்ப மெஷின்தான்” என்று சொல்லிவிட்டு மருத்துவர் போனார். வசந்தா என்னை வராந்தாவில் நிறுத்தி, மெஷின் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். இந்த உடம்புக்குக் குழாயைத் திரும்பப் போட்டால் மறுபடி எடுப்பது கஷ்டம், கிருமி சேர்ந்தால் ஆபத்து என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. அவர் முந்தானையை இடுப்பில் செருகினார். “உக்கார வெக்கணுமா? வாங்க, வெப்போம்.”

வசந்தா, சேகர், ஜெனிபர், நான். நான்கு பேர் சேர்ந்து தணிகாசலத்தை நாற்காலிக்கு மாற்றினோம். உட்கார்ந்ததும் வயிறு கீழே இறங்கி நெஞ்சுக்கு இடம் கொடுத்தது. குழாயை வாயில் வைத்தேன். மணிக்குப் பத்து இழுப்பு. “ஒண்ணு” என்று நான் ஆரம்பித்ததும் அவர் குழாயைத் துப்பிவிட்டார். ஏதோ அபசகுனத்தைப் பார்த்தது போல முகம். சேகர்தான் விளக்கினான். களத்தில் நெல் அளந்த காலத்திலிருந்து அவர்கள் குடும்பத்தில் யாரும் ‘ஒண்ணு’ என்று எண்ணத் தொடங்குவதில்லை. முதல் மூட்டைக்கு ‘லாபம்’ என்றுதான் சொல்வார்கள், அதற்குப் பிறகு ரெண்டு, மூணு. கடையில் லாரி இறக்கும்போது இன்றும் அப்படித்தான். எண்ணத் தொடங்கிய லோடைப் பாதியில் விடுவதும் கிடையாது. நடுவில் மழை வந்தாலும் எண்ணி முடித்துவிட்டுத்தான் ஒதுங்குவார்கள்.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு வேண்டியிருந்தது. “லாபம்” என்றேன். தணிகாசலம் இழுத்தார். “ரெண்டு.” இழுத்தார். நாலாவதில் வலி, கண்ணில் நீர். நிறுத்துவார் என்று நினைத்தேன். எண்ணிக்கை தொடங்கியிருந்ததால் அவரால் நிறுத்த முடியவில்லை. ஆறாவதில் முதல் பந்து ஏறியது. எட்டாவதில், தலையணையை அணைத்துக்கொண்டு, கட்டிடம் அதிர்கிற மாதிரி ஓர் இருமல் இருமினார். சளி வந்தது. ஏழு கம்பியும் இருந்த இடத்தில் இருந்தன. பத்து முடிந்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “அடுத்த லாரி எப்ப மேடம்?”

பக்கத்துப் படுக்கை

அதற்குப் பிறகு மணிக்கொரு லாரி வந்தது. நான் இல்லாதபோது சேகர் எண்ணினான், அவன் இல்லாதபோது ஜெனிபர். பதினொரு மணிக்கு எண்பத்தொன்பது, ஒரு மணிக்குத் தொண்ணூறு. வசந்தா அந்தச் சின்னத் திரையைப் பால் பொங்குவதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த படுக்கையில் சிட்லபாக்கத்து சாமுவேல் சார். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், நாற்பத்தொன்பது கிலோ, பைபாஸ். காலையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், மூன்று மணிக்கு நான் அவரிடம் போனபோது கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். “மேடம், கணக்குப்படி ஒண்ணுல இருந்துதான் ஆரம்பிக்கணும். முப்பத்தாறு வருஷம் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆனா அவருக்குப் பந்து ஏறுது, எனக்கு ஏறலை. எனக்கும் லாபத்துல இருந்தே எண்ணுங்க.”

லோடு

ஐந்தரை மணிக்கு மருத்துவர் வந்தார். திரையில் தொண்ணூற்று மூன்று. வசந்தா சுவரோடு ஒட்டி நின்றார். சேகர் நகத்தைக் கடித்தான். தணிகாசலம் நாற்காலியில், வாயில் குழாயோடு, ஏழாவது மூட்டையில் இருந்தார். மருத்துவர் குனிந்து, “தணிகாசலம், எப்படி இருக்கீங்க?” என்றார்.

தணிகாசலம் அவரைப் பார்க்காமலே உள்ளங்கையை நீட்டினார், லாரி டிரைவரை நிறுத்துகிற அதே கை. ஜெனிபர் உதட்டைக் கடித்துக்கொண்டார். எட்டு. மருத்துவர் காத்திருந்தார். ஒன்பது. இரண்டாவது பந்து பாதி உயரம் போனது. பத்து. திரை தொண்ணூற்று நான்குக்கு மாறியது. மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை முதுகில் இரண்டு பக்கமும் வைத்துக் கேட்டார். “மெஷின் வேண்டாம்” என்று எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். வசந்தா அப்படியே தரையில் உட்கார்ந்து, சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் போட்டார். இதெல்லாம் தனக்குச் சம்பந்தமில்லாதது போல, தணிகாசலம் குழாயைப் பத்திரமாக மடியில் வைத்துவிட்டு மருத்துவரைப் பார்த்தார். “இப்ப கேளுங்க டாக்டர். லோடு இறங்கிடுச்சு.”

மறுபடி மேடை

வீட்டுக்குப் போகும் நாளில் நீர் எல்லாம் வடிந்து நூற்றுப் பதின்மூன்று. ஆறு மாதத்தில் தொண்ணூற்றைந்துக்கு வர வேண்டும், அடுத்த முறை எதற்காவது மூச்சு திணறக் கூடாது என்று டயட்டீசியன் தாள் எழுதிக் கொடுத்தார். தணிகாசலம் மேடையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுவர் இரண்டடி தள்ளி இருந்தது. வசந்தாவே மேடையை நகர்த்தி வைத்திருந்தார். தாளை வாங்கிப் படித்து, மடித்து, ரவிக்கைக்குள் வைத்தார். “ஒண்ணே முக்கா மூட்டையும் கொஞ்சம் ஜல்லியும்தானே மேடம்? இறக்கிடலாம். எண்ணறது நானு.”

இப்போது நான் எந்த நோயாளிக்கும் ‘ஒண்ணு’ என்று ஆரம்பிப்பதில்லை. படித்தவர்கள் முறைக்கிறார்கள், பந்துகள் ஏறுகின்றன.