கால்வாய்க்கு வெள்ளைப் பூ, கடலுக்குச் சிவப்பு

திருவண்ணாமலையில் ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்து விற்றுக்கொண்டிருந்த என் தம்பி, புதுச்சேரிப் பக்கம் போய் வேலை கற்றுக்கொண்டு படகு செய்கிறவன் ஆகிவிட்டான். மரக்காணத்துக்கு வடக்கே கடலோரமாக ஒரு கொட்டகை போட்டிருந்தான். தொண்ணூறுகளின் நடுவில், மகாபலிபுரத்தில் விடுதி நடத்தும் ஒருவர் பாய் கட்டிய சின்னப் படகு ஒன்று அவனிடம் கேட்டார். செய்து முடித்ததும், அதை லாரியில் ஏற்றாமல் தண்ணீர் வழியாகவே கொண்டுபோய் விடுவதென்று முடிவு செய்து, எங்களைக் கூப்பிட வீட்டுக்கு வந்தான்.

"நீயும் மாமாவும் வாங்கக்கா. நான் செஞ்ச படகுல நம்ம வீட்டு ஆளுங்க ஏறலன்னா வேற எவன் ஏறுவான்?"

போவதற்கு இரண்டு வழி இருந்தது. அவன் கொட்டகைக்கு எதிரே உப்பங்கழி. அதிலிருந்து வடக்கே திரும்பினால் பக்கிங்காம் கால்வாய். கடலை ஒட்டியே போகும், கடலைத் தொடாது. அந்தக் காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அதில்தான் பட்டணம் போனதாம். உப்பங்கழியிலிருந்து கிழக்கே திரும்பினால் முகத்துவாரம். அதைத் தாண்டினால் கடல்.

"கால்வாய்தான்" என்றார் என் வீட்டுக்காரர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே. அவர் பஸ் கண்டக்டர். "தண்ணி இடுப்பு வரைக்கும்தான் இருக்கும். கவுந்தாலும் எழுந்து நின்னுக்கலாம்."

"நின்னுகிட்டேதான் மாமா போவணும். பாதி எடம் தூர்ந்துபோச்சு. நீங்களும் நானும் சேத்துல எறங்கித் தள்ளணும். பாலத்துக்குப் பாலம் பாய்மரத்தைக் கழட்டி மாட்டணும்."

"தள்ளுறேன். பஸ்ஸே தள்ளியிருக்கேன்."

"கடல்ல போனா தெற்குக் காத்து நல்லா அடிக்குது. விடியக்காத்தால கெளம்பினா பொழுது சாயறதுக்குள்ள போயிடலாம்."

"நடுவுல எறங்கணும்னா?"

"அதானே பாத்தேன். கடல்ல ஸ்டாப்பிங் இல்ல. உங்களுக்கு அதான் பயம்."

"ரூட்டு தெரியாத வண்டியில நான் ஏற மாட்டேன் மச்சான். விசிலு அடிச்சா நிக்கணும் எனக்கு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே தோசை போட்டேன். இன்னொன்று வேணுமா என்று நான் அவர்களைக் கேட்டேன். எனக்கு எந்த வழி வேணும் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நாற்பதைத் தாண்டியும் நாலு பேர் நடுவில் எனக்கு இது வேண்டும் என்று வாய் திறந்ததில்லை. வீட்டில் அப்படிக் கேட்டுப் பழக்கமும் இல்லை.

ஆனால் எனக்குக் கடல்தான் வேண்டியிருந்தது.

எங்கள் வீடு செங்கம் ரோட்டுக்கு உள்ளே இருந்தது. சுற்றியிருந்த விடுதிகளுக்கும் டிபன் கடைகளுக்கும் இட்லி மாவு அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் எதிரே மலை. வற்றல் காயவைக்க மாடிக்குப் போனாலும் மலை. அதைக் குறை சொல்லவில்லை. எங்கிருந்தோ வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், நமக்கு வாசலிலேயே இருக்கிறது. ஆனாலும், எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிலும் முட்டாமல் கண் போய்க்கொண்டே இருக்கிற ஒரு இடத்தில் கொஞ்ச நேரம் இருந்து பார்க்கவேண்டும் என்று எப்போது நினைக்க ஆரம்பித்தேனோ தெரியாது. பைத்தியக்காரத்தனம் என்று நானே அதை அடக்கி வைத்திருந்தேன். தம்பி வந்து பேசிவிட்டுப் போன பிறகு அது அடங்கவில்லை.

கிரைண்டரைப் போட்டுவிட்டு நின்றால், தண்ணீர் விட்டேனா இல்லையா என்று மறந்துபோகும். கடைக்குப் போய் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருவேன். கால்வாய் என்று நினைத்தால் நெஞ்சு லேசாகும், உடனே சப்பென்று போய்விடும். கடல் என்று நினைத்தால் பயமாக இருக்கும், ஆனால் நினைப்பை விட மனசு வராது.

தம்பி மறுபடி வந்தான், மறுபடி அதே வாக்குவாதம். கடைசியில் என் வீட்டுக்காரர், "பூ போட்டுப் பாத்துடலாம்" என்றார். பெண் பார்ப்பதிலிருந்து வீடு மாறுவது வரைக்கும் எங்களுக்கு அதுதான் வழக்கம். அடி அண்ணாமலைக் கோயிலுக்குப் போனோம். வெள்ளை நந்தியாவட்டை ஒன்றையும் சிவப்பு அரளி ஒன்றையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்துச் சாமி முன்னால் வைத்தார். வெள்ளை வந்தால் கால்வாய், சிவப்பு வந்தால் கடல்.

"நீயே எடும்மா" என்றார்.

எடுத்தேன். பிரித்தேன். வெள்ளை.

"பாத்தியா மச்சான்" என்று அவர் தம்பியின் முதுகில் தட்டினார். தம்பி, "சரி, சேத்துல தள்ள வேட்டி கட்டிக்கினு வாங்க" என்று முணுமுணுத்தான். பிரித்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். என் கையால் எடுத்ததுதான். ஆனாலும் யாரோ என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனமாதிரி இருந்தது. சாமி மேல் கோபம் வந்தது. கோபம் வந்ததே என்று பயமும் வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

புறப்படுகிற நாள் வரைக்கும் இருப்புக் கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் தெரிந்த ஒர்க் ஷாப்பில் காற்றடித்த லாரி ட்யூப் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். "இடுப்பளவு தண்ணிக்கு எதுக்குங்க?" என்றேன். "உனக்கு நீச்சல் தெரியாதே" என்றார். அந்த ட்யூபை பஸ்ஸில் ஏற்றி, நான் மடியில் வைத்துக்கொண்டு மரக்காணம் வரை போனேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

கொட்டகைக்குப் போனபோது இன்னும் முழுதாக விடியவில்லை. படகு உப்பங்கழியில் நின்றது, வெள்ளையாக, நான் நினைத்ததைவிடச் சின்னதாக. ஓட்டுவதற்குத் தம்பி ஏற்பாடு செய்திருந்த மீனவர் பின்பக்கம் உட்கார்ந்திருந்தார். முகத்துவாரத்திலிருந்து அலை உடைகிற சத்தம் விட்டுவிட்டு வந்தது. கால்வாய்ப் பக்கம் சீமைக் கருவேலம் இரண்டு கரையிலும் அடர்ந்திருந்தது, சத்தமே இல்லை.

"எந்தப் பக்கம்?" என்று மீனவர் கேட்டார். யாரைக் கேட்டார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது.

"கடல்" என்றேன்.

என் குரலா அது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. தம்பி கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான்.

"என்னா சொல்ற?" என்றார் என் வீட்டுக்காரர். "பூவுல கால்வாய்தானே வந்துச்சு?"

"அது நீங்க கேட்டதுக்கு வந்த பதிலுங்க. நான் எடுத்துத்தான் குடுத்தேன். நான் ஒண்ணும் கேக்கலையே."

மீனவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. எனக்குக் காது சுட்டது, ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

"நான் வரல" என்றார். "பஸ்ஸுல வந்து அங்க நிக்கிறேன்." பிறகு ட்யூபைத் தூக்கிப் படகுக்குள் வைத்து, அதன் கயிற்றை என் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தார்.

முகத்துவாரத்தில் படகு தூக்கித் தூக்கிப் போட்டது. "குனிங்கம்மா!" என்று மீனவர் கத்தினார். தண்ணீர் முகத்தில் அறைந்தது. செத்தோம் என்று நினைத்தேன். கடலுக்குள்ளே போனதும் பாயை ஏற்றினார்கள். காற்று பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் தம்பி ஓரத்தில் சாய்ந்து வாந்தி எடுக்க ஆரம்பித்தான்.

"செய்யத்தான் தெரியும் உங்க தம்பிக்கு" என்றார் மீனவர்.

கரை மெலிந்து ஒரு கோடாகப் போனபோது நான் கிழக்கே திரும்பி உட்கார்ந்தேன். ஒன்றுமே இல்லை. இதற்குத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஓர் அலையைப் பிடித்துப் பார்த்தால் அது நழுவிவிடும், அடுத்ததும் நழுவிவிடும். சீக்கிரம் கரைக்குப் போனால் போதும் என்றிருந்தது. அந்த நேரத்திலேயே, கரை வந்துவிடக் கூடாதே என்றும் இருந்தது. "பயமா இருக்குதாம்மா?" என்று மீனவர் கேட்டதற்கு இல்லை என்று சொன்னேன். விரல்கள் படகு விளிம்பைவிட்டு வரவில்லை.

பொழுது சாய்வதற்கு முன்னால் மகாபலிபுரக் கரையில் இறங்கினோம். என் வீட்டுக்காரர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். வேட்டி நனைந்திருந்தது. காலையிலிருந்தே அங்கே நடந்துகொண்டிருந்திருக்கிறார் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. மணிக்கட்டு முடிச்சு கையால் அவிழவில்லை, பல்லால் கடித்து அவிழ்த்தார்.

"எப்படி இருந்துச்சு?" என்றார்.

எதைச் சொல்வது, எங்கிருந்து சொல்வது?

"வெயில் ஜாஸ்தி" என்றேன்.

"கால்வாயில நெழல் இருந்திருக்கும்" என்றார்.

தலையாட்டிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். காலுக்குக் கீழே மணல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.